முன்பனிக்குத் திறந்து பின்பனிக்கு மூடும் மலை

ஜனவரி பிறந்தால் போதும், "மூணாறில் மைனஸ் டிகிரி" என்று செய்தி வந்துவிடும். வெள்ளை வெளேரென்று கிடக்கும் புல்வெளிப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைப் பார்த்ததும் மதுரையிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் அந்த வாரக் கடைசிக்கே வண்டியை எடுத்துவிடுவார்கள். அப்படிப் போகிறவர்கள் தவறாமல் பார்க்க நினைக்கும் இடம் இரவிகுளம் தேசியப் பூங்கா. ஜனவரியில் போனால் பார்த்துவிட்டு வரலாம். "பொங்கல் கூட்டம் கலையட்டும், பிப்ரவரியில் போவோம்" என்று தள்ளிப்போட்டால், மூணாறு - உடுமலை சாலையில் அஞ்சாம் மைல் வாசலில் கேட் மூடியிருக்கும். வரையாடு குட்டி போடும் காலம், இனி ஏப்ரலில்தான் திறப்போம் என்பார்கள்.

ஒரு பிப்ரவரியில் நானும் அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் விவரம் தேடிப் படித்து, அடுத்த ஜனவரியில் திரும்பப் போனபோதுதான் ஒன்று புரிந்தது. நம்மை அங்கே இழுக்கிற குளிர், அந்தப் புல்வெளி, அதில் மேயும் வரையாடு, மூடிய கேட் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பனிக்காலத்தில் அங்கே போக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் பனி. ஆறு பெரும்பொழுதில் இரண்டைப் பனிக்கே ஒதுக்கி வைத்தவர்கள் நாம். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனாலும் புல் நுனியில் நிற்கும் துளி, கண்ணை மறைக்கும் மூட்டம், இமயமலையில் கொட்டும் வெண்பனி என எல்லாவற்றுக்கும் பேச்சில் பனி என்ற ஒரே சொல்தான். அதனால்தான் மூணாறில் பனிப்பொழிவு என்று எழுதிவிடுகிறார்கள், அதை நம்பி வருகிறவர்கள் குலு மணாலியை எதிர்பார்த்து வருகிறார்கள். நீலகிரிக்காரர்கள் இதில் தெளிவு. ஐப்பசி, கார்த்திகையில் புல்லை நனைப்பது நீர்ப்பனி. மார்கழி, தையில் புல்லின் மேல் உறைந்து நிற்பது உறைபனி. மூணாறின் வெள்ளைப் படத்தில் இருப்பது இந்த உறைபனிதான். அது வானத்திலிருந்து பொழிவதில்லை, காற்றில் இருக்கும் ஈரம் புல்லின் மேலேயே பனிக்கட்டி ஊசியாக வளர்கிறது.

மூணாறை ஒட்டிய நல்லதண்ணிப் பக்கம் ஒரு விடியற்காலையில் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தேன். தாளின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஊசிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். விரல் சூடு பட்டதும் அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து, கடைசியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீராக உருண்டது. அவ்வளவுதான் அதன் கனம். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் ஒரு மலைத்தொடரில் மரம் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்துவிடும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை இரவில் மேலே விட்டுவிடும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். மேகம் இல்லாத, காற்றும் அசையாத இரவில் போன சூடு போனதுதான். புல்வெளி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். வானிலைக்காரர்கள் வெப்பமானியைத் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் வைப்பார்கள். அங்கே 3 டிகிரி காட்டும்போதே கீழே புல் 0-க்கு இறங்கியிருக்கும். செய்தியில் மைனஸ் இல்லையே, பனி எப்படி வந்தது என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உயரப் போகப் போகக் குளிர் கூடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது, பூங்காவில் நாம் போகிற ராஜமலை அதைவிடச் சில நூறு மீட்டர் மேலே. அப்படியானால் ராஜமலையில்தானே பனி அதிகம் உறைய வேண்டும்? பகலில் அந்தப் பாடம் சரி. அசையாத ஜனவரி இரவில் அது தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரியே கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சரிவில் நிற்பவருக்குக் குளிர் தாங்கும்படி இருக்கும்போது, கீழே ஓடைக்கரைப் புல் வெளுத்துக் கிடக்கும். செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட் வேலி என்று செய்தியில் அடிக்கடி அதே எஸ்டேட் பெயர்கள் வருவது இந்தத் தேக்கத்தால்தான். இந்த சைலன்ட் வேலி பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கு அல்ல, மூணாறு எஸ்டேட்களில் ஒன்று.

நாம் படம் எடுக்கிற அதே காலையில் எஸ்டேட் ஆட்கள் முகம் வாடி நிற்பார்கள். உறைபனி விழுந்த தேயிலையில் வெயில் ஏறியதும் இலைக்குள் உறைந்த நீர் திசுவைக் கிழித்துவிட்டிருப்பது தெரியவரும். பச்சை, செம்பு நிறமாகி, பிறகு கருகிப்போகும். கொழுந்து கருகினால் பறிக்க வேலை குறையும், எடைக்குக் கிடைக்கிற கூலியும் குறையும். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் சில தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறியவர்களின் வாரிசுகள். "பனி அடிச்சிருச்சு" என்று அவர்கள் சொல்லும்போது அது வருத்தச் செய்தி. இதை மனதில் வைத்துக்கொண்டாவது, வெளுத்த தேயிலைக் காட்டுக்குள் இறங்கிக் குதித்துப் படம் எடுப்பதை விட்டுவிடலாம்.

தேயிலையைக் கருக்குகிற இதே பனி, பூங்காவுக்குள் போனால் வேறு வேலை செய்கிறது. இரவிகுளத்தின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி உருண்டு திரண்ட புல்மேடு. மலை மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாகக் காடு. அதற்கு நம் சொல் சோலை. அறிவியல் உலகமும் அந்தச் சொல்லையே ஷோலா என்று எடுத்துக்கொண்டது. காடும் புல்லும் கத்தியால் வெட்டின மாதிரி பிரிந்து நிற்கும். சோலை மரங்கள் விதை போடாமலா இருக்கின்றன? பறவைகள் அந்த விதைகளைப் புல்வெளிக்குக் கொண்டு போகாமலா இருக்கின்றன? பிறகு ஏன் மரம் புல்லுக்குள் வரவில்லை?

உறைபனிக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. சோலைக்குள் மரக்கூரை இரவுச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் உள்ளே முளைக்கும் கன்று பிழைத்துவிடும். நாலடி தள்ளிப் புல்வெளியில் முளைத்த கன்றுக்கு அந்தக் கூரை இல்லை. ஒன்றிரண்டு உறைபனி இரவுகளிலேயே அது கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் உயிர் அடித்தூரில் இருக்கிறது, தாள் கருகினாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். நீலகிரி மேட்டுப் புல்வெளிகளில் கன்றுகளை நட்டே இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். சோலை மரக் கன்றுகள் குளிரில் மடிந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை, அதாவது வாட்டில், தாக்குப்பிடித்தது. தீ, காற்று, மண்ணின் ஆழம் என்று மற்றக் காரணங்களும் உண்டு, பனி ஒன்றே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவுகள் சூடாகிக்கொண்டே போனால் புல்லின் காவல் தளரும் என்பதும், அந்த இடத்தில் முதலில் சீகை நுழையும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது. நீலகிரியில் எத்தனையோ மேடுகள் சீகைக்கும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸுக்கும் பறிபோயின. இரவிகுளம் பெருமளவு தப்பி நிற்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

புல் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைக் கோடை வரைக்கும் ஓடைகளில் கசியவிடுவது இந்த மேடுதான். பூங்காவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் சரிவில் பிறக்கிற பாம்பாறு மறையூர் வழியாகக் கிழக்கே இறங்கி, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. உடுமலை வயலுக்கும் கரூர் ஊற்றுக்கும் போகிற தண்ணீரில் இந்தப் புல்லின் பங்கும் இருக்கிறது. புல்தூரின் அடியில் இன்னொரு உயிரும் ஒளிந்திருக்கிறது. செக்கச் சிவந்த, குட்டைக் கால் புதர்த்தவளை ஒன்று 2010-இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. அதன் உலகமே ஆனைமுடியைச் சுற்றிய சில சதுர கிலோமீட்டர்தான். நாம் நடக்கிற பாதையிலிருந்து அது கண்ணில் படாது, ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்து நடப்பது வேறு மாதிரியான நடை.

சரி, ஆட்டுக்கு வருவோம். வரை என்றால் மலை, வரையில் வாழ்வதால் வரையாடு. சங்கப் பாட்டில் வருடை என்று வருவதும் இதுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆங்கிலத்தில் நீலகிரி தார் என்று பெயர் இருந்தாலும், ஒரே இடத்தில் மிக அதிகமாக இருப்பது இரவிகுளத்தில்தான். 2025-இல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து ஒரே சமயத்தில் எண்ணியபோது மொத்தம் 2,668 கிடைத்தன, அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியோடு சரி. இமயமலைத் தார் ஆட்டின் உறவு என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததில் செம்மறி ஆட்டுக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, 2005-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

வரையாடு சேருவது மழைக்காலத்தில், சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். அப்படியானால் குட்டி விழுவது ஜனவரி, பிப்ரவரியில், பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்போமே, சரியாக அந்தச் சமயம். இவ்வளவு குளிரில் ஏன் பிறக்க வேண்டும் என்று தோன்றும். குளிரைவிடக் கொடியது குளிரும் மழையும் சேர்ந்து வருவது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை அந்த மேட்டில் இறங்கினால் நாள்கணக்கில் ஓயாது, சாரலும் காற்றும் நிற்காது. நனைந்த மயிரோடு பிறந்த குட்டி அதில் தாங்காது. தையிலும் மாசியிலும் இரவு எவ்வளவு உறைந்தாலும் பகலில் பளீரென்று வெயில், மயிர் காய்ந்துவிடும். மழை வருவதற்குள் குட்டிக்கு நாலைந்து மாதம் ஆகி, மேயவும் பாறை ஏறவும் பழகியிருக்கும்.

பெற்ற தாய் பாறை முகட்டை விட்டு அதிகம் நகராது. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் செங்குத்துப் பாறையில் இறங்கிக்கொள்வதுதான் அதன் ஒரே தற்காப்பு. அந்த நாட்களில் தாயும் குட்டியும் பிரிந்துவிட்டால் ஆபத்து. வேறு காட்டில் என்றால் மனித வாடை பட்டதுமே வரையாடு ஓடிவிடும். ராஜமலையில் ஓடாது. தோட்டக்காரர்கள் காலத்திலிருந்து உப்பு வைத்தும் சுடாமல் விட்டும் பழக்கிய மந்தை அது. சாலையோரத்தில் பத்தடியில் நின்று அசைபோடும். அது அசையாமல் நிற்பதால் நாம் இன்னும் கிட்டே போகிறோம். கொம்பைப் பிடிக்கிறவர்கள், குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் எல்லாம் உண்டு. பூங்காவின் பெரும்பகுதிக்குள் நாம் எந்த மாதத்திலும் போக முடியாது. நமக்கென்று திறந்திருப்பது ராஜமலை என்ற சிறு ஓரம். ஓடத் தெரியாமல் பழகிய மந்தை இருப்பதும் அங்கேதான். குட்டி போடும் காலத்தில் அந்த ஓரத்தையும் மூடுவது ஏன் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அடைப்பு. முதல் குட்டிகள் எப்போது தென்படுகின்றன என்பதைப் பார்த்து ஆண்டுதோறும் தேதி அறிவிப்பார்கள், சில ஆண்டுகளில் ஜனவரிக் கடைசியிலேயே அடைத்துவிடுவதும் உண்டு.

இந்தக் காவல் இன்று நேற்று வந்ததல்ல. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். தேயிலை ஏறிய சரிவு போக, உயரத்துப் புல்மேட்டைத் தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்கென்று வைத்துக்கொண்டார்கள். அந்த வேட்டைக் காட்டுக்குக் காவல் நின்றவர்கள் முதுவர்கள், அந்த மலையின் பழங்குடி மக்கள். எந்தப் பாறையில் எந்த மந்தை தங்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு மலையைத் திரும்ப எடுத்தது. அந்தப் புல்மேட்டைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் இன்று வரையாட்டின் கதை வேறாக இருந்திருக்கும். 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. காவலில் இன்றும் முதுவர்கள் இருக்கிறார்கள். வறண்ட மாதங்களில் தீ பரவாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தோளில்தான். துரைமாரைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இவர்களைப் பற்றி நாம் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உறைபனி வேண்டும் என்றால் பூங்காவை நம்பக் கூடாது. காலை 8 மணி வாக்கில் அங்கே வாசல் திறப்பதற்குள் வெயில் பனியைத் தின்றுவிடும். விடிவதற்கு முன் எழுந்து மூணாறைச் சுற்றிய ஓடைப் பள்ளங்களுக்குப் போங்கள், ஏழு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். முந்தின இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அடங்கியிருந்தால் வாய்ப்பு அதிகம். மேகம் போட்டிருந்தால் பேசாமல் தூங்கலாம். பனியைப் பார்த்த கையோடு அஞ்சாம் மைலுக்குப் போய் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, வனத்துறை பஸ் நாலைந்து கிலோமீட்டர் மேலே கொண்டுபோய் விடும், பிறகு தார்ப்பாதையில் நடை. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. தாமதித்தால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் ஆனைமுடி இருந்த இடமே தெரியாது.

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் இதைவிட உயரம் இல்லை. உச்சிக்கு ஏற நமக்கு அனுமதி கிடையாது, ராஜமலையிலிருந்து அதன் யானை நெற்றியைப் பார்ப்பதே நிறைவாக இருக்கும். காலையில் காது மூடக் கம்பளி வேண்டும். பத்து மணிக்கு அதே வெயில் தோலைச் சுடும், மேட்டு வெயிலுக்குச் சூடு குறைவு போலத் தெரிந்தாலும் கடுமை அதிகம். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கழற்றுவதே வசதி. பிளாஸ்டிக் எடுத்துப்போகக் கூடாது. ஆடு கிட்டே வந்தாலும் தின்ன எதையும் நீட்டாதீர்கள். குறிஞ்சி பூத்திருக்கா என்று கேட்காத ஆள் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதுவும் ஆகஸ்டை ஒட்டி, பனிக்காலத்தில் அல்ல.

நாம் நடந்து திரும்புகிற இடத்தோடு அந்தச் சாலை முடிவதில்லை. அதற்கு அப்பால் பெட்டிமுடி, அதையும் தாண்டி முதுவர்களின் இடமலக்குடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர், பெரும்பாலும் நம் மொழி பேசுகிறவர்கள். ராஜமலையில் நின்று ஆனைமுடியைப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் அந்தப் பக்கமும் திரும்பி நிற்கலாம்.

எப்போது போவது என்று என்னைக் கேட்டால், பொங்கலுக்கு முந்தைய வாரத்தின் ஒரு வேலைநாள் என்பேன். கூட்டம் குறைவு, உறைபனிக்கும் வாய்ப்பு உண்டு, அடைப்புக்கும் நாள் இருக்கும். அதைத் தவறவிட்டால் ஏப்ரல். பனி இருக்காது, ஆனால் கேட் திறந்த முதல் நாட்களில் குட்டிகளைப் பார்க்கலாம். இரண்டு மாதக் குட்டி, முழங்கால் உயரம், கொம்பு முளைக்கும் இடத்தில் வெறும் மேடு. அடைப்புக்குப் பிறகு ஒரு ஏப்ரலில் நான் பார்த்தது பாதையோரப் பாறையில் நின்றுகொண்டிருந்தது. தாய் கீழே மேய்ந்துகொண்டிருந்தது. பஸ் சத்தம் கேட்டதும் குட்டி ஒரே தாவலில் பாறைக்குப் பின்னால் மறைந்தது. தாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.